முதற் குஷனை வீட்டிலேயே தைப்பது: மலைநாட்டு வீடுகளுக்கான வழிகாட்டி

தையல் பழக ஆசைப்படுபவர்களில் பலர் சட்டையிலோ ரவிக்கையிலோ தொடங்கி, கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் மாட்டிக்கொண்டு, சில வாரங்களிலேயே மெஷினை மூடி அதன்மேல் பூச்சாடி வைத்துவிடுகிறார்கள். செட்டியிலும் கதிரையிலும் சாய்ந்துகொள்ள வைக்கும் குஷனில் அந்தச் சங்கடம் இல்லை. அதில் வளைவு கிடையாது. அளவு சற்றுப் பிசகினாலும் உடம்புக்குப் பொருந்தாமல் போய்விடுமே என்ற பயமும் கிடையாது. நேராகத் தைக்கவும், ஓரம் மடிக்கவும், மூலையில் திருப்பவும் தெரிந்தால் போதும். இம்மூன்றும் கைக்கு வந்தவர்களுக்குத் திரைச்சீலையும் மேசைவிரிப்பும் பாவாடையும் பிறகு எளிதில் வசப்படும்.

ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ குஷன் தைப்பவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது அழகை அல்ல, ஈரத்தை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பக்கத்திலோ ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. இத்தகைய இடத்தில் பஞ்சோடு சேர்த்து நான்கு பக்கமும் மூடித் தைத்த குஷன், எத்தனை அழகாக இருந்தாலும், இரண்டு மழைக்காலத்துக்குள் கரும்புள்ளி விழுந்து வாடை வீசத் தொடங்கிவிடும். ஆகவே உள்ளே பஞ்சு அடைத்த தலையணை ஒன்று, வெளியே கழற்றித் துவைக்கக்கூடிய உறை ஒன்று என இரண்டாகத் தைப்பதே மலைநாட்டுக்கு ஏற்ற முறை. துணியைத் தெரிவதிலிருந்து பஞ்சு அடைப்பது வரை கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும், விரைவாகக் காயுமா என்ற கேள்வியைச் சார்ந்தே அமைந்திருக்கிறது.

துணி

முதல் உறைக்கு நடுத்தரத் தடிப்பான, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே சிறந்தது. அது துணியை நகர்த்தும் மெஷின் பல்லின்மேல் வழுக்காது, மடித்து அழுத்தினால் மடிப்பு அப்படியே நிற்கும், தவறாகத் தைத்துப் பிரித்தாலும் ஊசித் துளை பெரிதாகத் தெரியாது. சாட்டின், வெல்வெட், இழுபடும் பனியன் துணி ஆகியவை கடையில் கண்ணைப் பறித்தாலும் அவற்றை இரண்டாம் வருடத்துக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. கைத்தறித் துணி தடிப்பாகவும் நிறம் நின்றும் இருப்பதால் குஷனுக்கு மிகப் பொருத்தமானது. எனினும் வெட்டிய விளிம்பில் அதன் நூல் சுலபமாகப் பிரிந்துவரும் என்பதால் ஓரத்தைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். திரைச்சீலைக் கடைகளில் மிஞ்சும் துண்டுகளும் அகலமானவை, உறுதியானவை. சிறு துண்டு என்பதால் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.

வீட்டிலிருக்கும் பழைய சேலையைப் பயன்படுத்த விரும்புபவர்கள் முதலில் அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்த கோடுகளில் நூல் விலகி வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அந்தப் பகுதி சாய்ந்து உட்காரும் பாரத்தைத் தாங்காது. பட்டுச் சேலைகள் பல இப்படித்தான் மடிப்போடு மடிப்பாக வெடிக்கின்றன. வொயில் போன்ற மெல்லிய சேலைகள் நூல் உறுதியாக இருந்தாலும் தனியே நிற்கமாட்டா. அவற்றின் அடியில் பழைய படுக்கைவிரிப்புத் துணியை அதே அளவுக்கு வெட்டிவைத்து, இரண்டையும் சுற்றிவர ஓரமாகத் தைத்து, ஒரே துணியாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். முந்தானையை முன்பக்கத்துக்கும் உடல் பகுதியைப் பின்பக்கத்துக்கும் எடுத்தால் ஒரே சேலையில் ஒரு செட்டிக்குத் தேவையான உறைகள் அனைத்தும் கிடைத்துவிடும்.

எந்தப் பருத்தித் துணியானாலும் வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைப்பது கட்டாயம். புதுப் பருத்தி முதற் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும். அதாவது 16 அங்குல உறை முக்கால் அங்குலம் வரை சிறுத்துப்போகும். சாயம் போகுமா என்பதை அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருந்தாலும், இக்காலச் சாயங்களில் அது பெரிதாக உதவுவதில்லை. சாயம் தொடர்ந்து இறங்கும் துணியை வெளிர்நிறத் துணியோடு சேர்த்துத் தைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

துவைக்கும் வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பது நீங்கள் இருக்கும் சரிவைப் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கங்களை விடாமல் நனைக்கும்போது, மலையின் மறுபுறமான ஊவாவில், பண்டாரவளையிலும் வெலிமடையிலும், நல்ல வெயிலும் வறண்ட காற்றும் இருக்கும். ஊவாவுக்கு மழை தருவது டிசம்பரில் வலுக்கும் வடகீழ்ப் பருவம். தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகு துணி தேடிப் போனால், இடைக்கால மழையும் பிடித்துக்கொண்டு, துவைத்த துணி கொடியிலேயே தொங்கும். துணியை மட்டுமாவது முன்கூட்டியே வாங்கித் துவைத்து மடித்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

அளவும் வெட்டும்

இங்கே விளக்கப்படுவது 16 அங்குலச் சதுரக் குஷன். சிப் வைத்துத் தைப்பதில் பழக்கம் வரும்வரை, பின்பக்கத்தில் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடும் உறைதான் எளியது. பொத்தானும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். ஈரக் காற்றில் உலோகச் சிப் கறுத்துத் துணியில் கறை பிடிக்கும் தொல்லையும் இல்லை.

முன்பக்கத்துக்கு 17 அங்குலச் சதுரம் ஒன்றும், பின்பக்கத்துக்கு 17 அங்குல உயரமும் 12 அங்குல அகலமும் உள்ள துண்டுகள் இரண்டும் தேவை. தையலுக்காகச் சுற்றிவர அரை அங்குலம் இதிலேயே அடங்கிவிட்டது. 45 அங்குல அகலத் துணியில் 17, 12, 12 என மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் 41 அங்குலம்தான் ஆகிறது. எனவே சுருக்கத்துக்கும் இடம்விட்டு, ஓர் உறைக்கு அரை யார் துணி போதுமானது. கடைக்காரர் கேட்கும்போது, ஒரு யார் வாங்கினால் இரண்டு உறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பூவோ பறவையோ ஒரே திசை பார்க்கும் துணியானால், மூன்று துண்டிலும் தலை மேல்பக்கம் இருக்கும்படி அடுக்கியே வெட்ட வேண்டும்.

கடையில் வெட்டித்தரும் துணியின் ஓரம் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கரையோரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டு ஒன்று போட்டு, அங்கே தெரியும் குறுக்கு நூல் ஒன்றை ஊசி முனையால் தூக்கி, விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால், துணி சுருங்கிக்கொண்டே வர அந்த நூல் மட்டும் உருவி வெளியே வரும். துணியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் நூல் இருந்த இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின்மேல் வெட்டியதுதான் உண்மையான நேர். நூல் நடுவில் அறுந்தால் அறுந்த இடம் வரை வெட்டிக்கொண்டுபோய் அடுத்த நூலைப் பிடிக்கலாம். இந்த ஒரு வேலையில் பொறுமை காட்டாதவர்களின் குஷன்தான் இரண்டு சலவைக்குப் பின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும்.

வெட்டிய பிறகு, முன்பக்கச் சதுரத்தின் மூலைகளைச் சற்றே ஒடுக்க வேண்டும். நேர்ச்சதுரமாகத் தைத்து அடைத்த குஷனில் நடுப்பகுதி புடைக்க, பஞ்சு போய்ச்சேராத நான்கு மூலைகளும் நாய்க்காது போல நீட்டிக்கொண்டு நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ஓரங்களிலிருந்தும் அரை அங்குலம் உள்ளே ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து இருபுறமும் நான்கு அங்குலத் தூரத்தில் பழைய ஓரத்தைத் தொடும்படி தையல் சோக்கால் சரிவான கோடு கீறி, கோட்டின்மேல் வெட்டிவிட வேண்டும். வெட்டிய துணி கோணலாகத் தெரியும். அடைத்த பிறகு சதுரமாகத் தெரியும்.

மெஷினும் ஊசியும்

சிங்கர் நிறுவனம் 1877 முதல் இலங்கையில் இருக்கிறது. பாட்டி காலத்துக் கறுப்பு மிதி மெஷின் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை, மின்சாரம் போகும் மாலைகளில் அதற்கு மதிப்பு இன்னும் கூடும். மிதி மெஷினைப் புதிதாகத் தொடுபவர்கள் நூல் கோக்காமல், பாடக் கொப்பியின் கோடு போட்ட தாளை அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஊசி குத்திப்போகும்படி ஓட்டிப் பழகலாம். கைச்சக்கரம் எப்போதும் தன்னை நோக்கிச் சுழல வேண்டும். தவறி எதிர்ப்புறம் சுழன்றால் நூல் சிக்கி அறும். தாளில் பழகிய ஊசி மழுங்கிவிடும் என்பதால் துணிக்குப் போகும்போது மாற்றிவிட வேண்டும்.

நடுத்தரப் பருத்திக்கு 14ஆம் இலக்க ஊசியும், வொயிலுக்கு 11ஆம் இலக்கமும், தடித்த திரைத்துணிக்கு 16ஆம் இலக்கமும் ஏற்றவை. தையலின் நீளத்தில் ஒரு குழப்பம் வரும். புதிய மெஷின்களில் இலக்கம் மில்லிமீற்றரைக் குறிப்பதால் இலக்கம் கூடக்கூடத் தையல் நீளும், அங்கே 2.5 என்று வைக்க வேண்டும். பழைய கறுப்பு மெஷின்கள் பலவற்றில் இலக்கம் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைக் காட்டுவதால், கூடக்கூடத் தையல் சிறுக்கும். அங்கே 10க்கும் 12க்கும் இடையில் வைத்தால் சரி. வெட்டுத்துண்டில் ஒருமுறை தைத்துப் பார்த்து, அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். மேல்நூலை முழுதும் உருவி, துணியை அழுத்திப் பிடிக்கும் அமுக்குபாதத்தைத் தூக்கிய நிலையில் மீண்டும் கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரப்பட்டு, அடிநூல் இருக்கும் பொபின் பெட்டியின் திருகாணியில் கை வைக்காதிருப்பது நல்லது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். சும்மா முன்னே ஓடும் தையல் சாயும் பாரத்தில் அறுந்துவிடும். ஓரடி பின்னே குத்தி ஈரடி முன்னே எடுக்கும் பின்தையலே வேண்டும். ஓர் உறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும், அவ்வளவுதான்.

தைப்பது

முதல் வேலை பின்பக்கத் துண்டுகளின் ஓரம். ஒவ்வொரு துண்டிலும் 17 அங்குல நீளமுள்ள பக்கம் ஒன்றைத் தேர்ந்து, அரை அங்குலம் மடித்து இஸ்திரிக்கை போட்டு, மீண்டும் அரை அங்குலம் மடித்து இஸ்திரிக்கை போட்டு, மடிப்பின் உள்விளிம்பை ஒட்டித் தைக்க வேண்டும். இஸ்திரிக்கையைத் தவிர்த்து விரலால் மட்டும் மடித்துத் தைத்தால் மடிப்பு பாம்பாக நெளியும். இப்போது ஒவ்வொரு துண்டும் 11 அங்குல அகலத்துக்கு வந்திருக்கும்.

முன்பக்கத் துணியை நல்லபக்கம் மேலே தெரியும்படி மேசையில் விரித்து, அதன்மேல் பின்பக்கத் துண்டுகள் இரண்டையும் நல்லபக்கம் கீழே பார்க்கும்படி, வெளியோரங்கள் ஒட்டி, மடித்துத் தைத்த ஓரங்கள் நடுவில் வரும்படி வைக்க வேண்டும். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஐந்து அங்குலம் ஏறியிருக்கும். இந்த ஐந்து அங்குலத்தைக் குறைத்துத் துணி மிச்சம் பிடிக்க நினைத்தால், குஷன் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே இருக்கும் தலையணையைக் காட்டும். சுற்றிவரக் குண்டூசி குத்தி, பின்துண்டுகளின் மூலைகளையும் முன்பக்கத்தின் சரிவுக்குச் சமமாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

தையலை மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, அரை அங்குலம் உள்ளே சுற்றிவர வேண்டும். மூலை நெருங்கும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைச்சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஓரத்துக்கு அரை அங்குலம் இருக்கும் இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்த வேண்டும். ஊசி துணிக்குள் குத்தியபடியே இருக்க, அமுக்குபாதத்தைத் தூக்கி, துணியை ஊசியைச் சுற்றித் திருப்பி, பாதத்தை இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடரலாம். மேலும் கீழும் பின்துண்டுகள் ஏறும் இடங்களில் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை தைப்பது அவசியம்; தலையணையை நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் இழுபடுவது அந்த இடங்கள்தான்.

பிறகு நான்கு மூலைகளின் நுனியையும் தையலுக்குச் சற்று வெளியே குறுக்காக வெட்டிவிட வேண்டும், நூலை மட்டும் தொடக் கூடாது. வெட்டிய ஓரங்கள் பிரியாதிருக்க மெஷினில் வளைதையல் (சிக்சாக்) இருந்தால் அதையே சுற்றிவரப் போடலாம். இல்லாவிட்டால் டவுணிலுள்ள தையல் கடையில் கொடுத்தால் சில நிமிடத்தில் ஓவர்லொக் அடித்துத் தருவார்கள். நல்லபக்கம் வெளியே வரத் திருப்பி, மூலைகளை உள்ளேயிருந்து மரக்கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய பொருளால் தள்ளி எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் நுனியால் குத்தினால் மூலை ஓட்டையாகிவிடும்.

உள்தலையணையும் பஞ்சும்

உள்தலையணையை உறையை விட ஓர் அங்குலம் பெரிதாகத் தைத்தால்தான் குஷன் தளராமல் நிறைந்து நிற்கும். நெருக்கமாக நெய்த படுக்கைவிரிப்புத் துணியில் 18 அங்குலச் சதுரங்கள் இரண்டு வெட்டி, மூலைகளை முன்போலவே ஒடுக்கி, ஒரு பக்கத்தில் ஐந்து அங்குல வாய்விட்டு, அரை அங்குலத்தில் சுற்றிவரத் தைத்துத் திருப்பினால் தலையணையின் கூடு தயார்.

எதை அடைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். இலவம்பஞ்சு நமக்குப் பழக்கமானது, இலேசானது, சாய்ந்தால் சூடாக இருக்கும். அதன் இழை உள்ளே கூடாகவும் மேலே மெழுகுப் படலத்தோடும் இருப்பதால் பருத்தியைப் போலத் தண்ணீரைக் குடிப்பதில்லை. முன்பு உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்ததும் இதனால்தான். ஆனாலும் துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், திரண்டது எளிதில் பிரியாது. ஆடி மாதத்து ஹட்டனில் நனைந்த இலவம்பஞ்சு காய்ந்து பழையபடி ஆகும் என்று இருப்பவர் இலவு காத்த கிளிதான். அதை அடைக்கும்போது விதைகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சி, கிலோக் கணக்கில் விற்கப்படும் வெட்டுத்துணியைச் சிலர் அடைக்கிறார்கள். மலிவுதான், ஆனால் குஷன் கல்லாகக் கனக்கும். ஒருமுறை ஈரம் ஏறினால் நடுப்பகுதி நாட்கணக்கில் காயாது. ஸ்பொஞ்ச் துண்டுகளும் தண்ணீரைப் பிடித்து வைப்பவை, நாளடைவில் மஞ்சளித்துப் பொடிந்தும் போகும். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பொலியெஸ்டர் பஞ்சை. அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, துவைக்கலாம், காற்று இருந்தாலே காய்ந்துவிடும். 16 அங்குலக் குஷனுக்கு ஏறக்குறைய 400 கிராம் பிடிக்கும். வெயில் தாராளமாக உள்ள ஊவாப் பக்கத்தில் இலவம்பஞ்சையும் நம்பி அடைக்கலாம்.

எந்தப் பஞ்சானாலும் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே திணிக்காமல், கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்து உதிர்த்து, முதலில் நான்கு மூலைகளையும், பிறகு ஓரங்களையும், கடைசியில் நடுவையும் நிரப்ப வேண்டும். நிரம்பியதும் வாயின் ஓரங்களை உள்ளே மடித்து, மடிப்புக்குள்ளேயே ஊசி போய்வரும் மறைதையலால் நெருக்கமாக மூடிவிடலாம்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: முன்பக்கத்தில் வைக்கும் எதையும், அது சேலைக் கரைப் பட்டியானாலும் லேஸானாலும் எம்பிராய்டரியானாலும், மூன்று துண்டுகளையும் சேர்ப்பதற்கு முன்பே தைத்து முடித்துவிட வேண்டும். கண்ணாடித் துண்டும் மணியும் சாயும் கன்னத்தைக் கீறும். பார்வைக்கு மட்டும் வைக்கும் குஷனுக்கு அவை இருக்கட்டும்.

மழைக்காலத்தில் குஷன்களைச் சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது. குறிப்பாக வெளிச்சுவர்களில் ஈரம் வியர்த்து நிற்கும் பழைய லயன் வீடுகளில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் உறையைக் கழற்றி, தலையணையை இருபுறமும் காயப்போட்டுத் தட்டி எடுத்தால் பூஞ்சணம் அண்டாது. ஏற்கெனவே பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து, உலர்ந்த நிலையிலேயே தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு துவைக்க வேண்டும். விறகடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. புகை வாடையைப் பொறுத்துக்கொள்பவர்கள் பருத்தி உறைகளை அப்படி உலர்த்தலாம், பொலியெஸ்டர் பஞ்சடைத்த தலையணையை மட்டும் ஒருபோதும் அடுப்பருகே கொண்டுபோகக் கூடாது. தீப்பொறி பட்டால் அது உருகி எரியும்.

வேறு அளவில் தைக்க விரும்புபவர்கள் முன்பக்கத்துக்குக் குஷன் அளவோடு ஓர் அங்குலமும், பின்துண்டு ஒவ்வொன்றின் அகலத்துக்குக் குஷன் அளவில் பாதியோடு நான்கு அங்குலமும் கூட்டிக்கொள்ளலாம். 18 அங்குலக் குஷனுக்கு இது 19, 13 என வரும். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் சரியாக 45 அங்குலம் ஆகிவிடுவதால் துவைத்துச் சுருங்கிய துணியில் அடங்காது. அதற்குப் பதிலாக ஒன்றரை யார் வாங்கி, மேல்வரிசையில் இரண்டு முன்பக்கங்களையும், அதன் கீழே 19 அங்குலம் குறுக்காகக் கிடக்கும்படி வரிசைக்கு இரண்டாக நான்கு பின்துண்டுகளையும் வெட்டினால் இரண்டு உறைகள் கிடைக்கும். திறப்பு மட்டும் நெடுக்காக இல்லாமல் குறுக்காக அமையும். வாங்கில் வைக்கும் 20க்கு 12 அங்குல நீள்குஷனுக்கு முன்பக்கம் 21க்கு 13, பின்துண்டுகள் 14க்கு 13.